கிரேக்கத்துக்கு வந்த அங்கிள்

"ராணி, இந்த லீவுக்கு நாம கிரீஸ் போறோம்" என்று என் புருஷன் செல்வசிங் போனில் சொன்னதும் நான் செய்த முதல் முட்டாள்தனம், அதைக் குவைத் மங்காஃபில் எங்கள் ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னதுதான். வார்டில் மலையாளி சிஸ்டர்மார் வாயைப் பிளந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, நீலக் கூரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து மறக்காமல் அனுப்பு என்றாள். நான் போய் வெள்ளையில் ஒரு நீளக் கவுன் வேறு வாங்கினேன். டிக்கெட் வந்தபோது பார்த்தால் அபுதாபி என்று போட்டிருந்தது.

"இதென்ன, அபுதாபி வழியாவா போறோம்?"

"வழியா இல்ல பிள்ள, இங்கயேதான். உம் அல் குவைன் தாண்டி ஒரு ரிசார்ட் இருக்கு. உள்ள எல்லாம் கிரீஸ் மாதிரியே இருக்குமாம். ஆஃபர் போட்டிருந்தான்."

"மாதிரியே?"

"மாதிரியேதான். நீ கண்டா அசந்துபோவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கவுனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். விற்றதைத் திரும்ப வாங்கமாட்டோம் என்றுவிட்டான். சரி, கவுனுக்காகவாவது போய்த் தொலைவோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் புருஷனை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் அபுதாபி முசஃபாவில் ஏசி டெக்னீஷியன், நான் குவைத்தில் நர்ஸ். எனக்கு லீவு கிடைத்தால் அவருக்கு சைட்டில் அவசர வேலை. அவருக்கு லீவு கிடைத்தால் எங்கள் வார்டில் ஆள் இல்லை. நடுவில் எங்கள் மகள் ரினி பேச்சு பழகி, பள்ளிக்கூடம் சேர்ந்து, என்னையே எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இது எல்லாவற்றையும் அவர் பார்த்தது போனில்தான்.

சாயங்காலம் அவருக்கு டூட்டி முடிந்ததும் வீடியோ கால் வரும். போனைக் குக்கரில் சாய்த்து வைத்துவிட்டு நான் சமைப்பேன். அப்பாவும் மகளும் பேசுவார்கள். பேசுவது என்றால், அவள் பேசுவாள், அவர் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி "பின்ன? பின்ன?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். டீச்சர் திட்டியது, பக்கத்து பிளாட் பூனை குட்டி போட்டது, நான் குழம்பில் உப்பை மறந்தது எல்லாம் முசஃபாவுக்குப் போய்ச் சேரும். அம்மாவிடம் சொல்லாததெல்லாம் அப்பாவுக்குச் சொல்லப்படும். அப்படிப்பட்ட பிள்ளை.

அந்தப் பிள்ளை அபுதாபி ஏர்போர்ட்டில் என் கவுனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

செல்வசிங் தலைக்குச் சாயம் அடித்து, கூலிங் கிளாஸ் போட்டு, பூப்போட்ட சட்டையில், அரை பாட்டில் அத்தரை மேலே கொட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் ரினியைவிடப் பெரிய ஒரு கரடி பொம்மை. மண்டிபோட்டு இரண்டு கையையும் விரித்து, "மக்களே, வா" என்றார்.

ரினி எட்டிப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்த மரியாதை எதையும் அவள் மறக்கவில்லை. "ஹலோ அங்கிள்" என்றாள்.

"ஏய், அப்பாடி அது!" என்றேன்.

"ஓகே" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். அவர் சிரித்தார். "பரவால்ல, பிள்ளைக்குக் கூச்சம். ரெண்டு நாளு கூட இருந்தா சரியாவும்" என்றார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷன் கிரேக்கம் என்று கிளம்பியதே இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலும் கூரையும் யாருக்கு வேண்டும்? தன் பிள்ளை தன் முகத்தைப் பார்த்து, அப்பா என்று கூப்பிட்டு மடியில் ஏறவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இந்த ரிசார்ட்டை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ரிசார்ட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், கேஸ் போட்டாலும் போடுவார்கள். கிரேக்கம் என்றே வைத்துக்கொள்வோம். வாசலில் கையில்லாத ஒரு பிளாஸ்டர் சிலை அம்மணி நின்றாள். குடும்பங்கள் வருகிற இடமாயிற்றே என்று அவளுக்கு நீச்சல்குளத்துத் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளை பெட்ஷீட்டைத் தோளில் சுற்றி, தலையில் தங்க இலைக் கிரீடம் வைத்து, ஐம்பது தாண்டிய ஒரு தொப்பைக்காரர் தட்டில் ஜூஸோடு நின்றார். கிரீடத்துக்குக் கீழே வேர்வை ஓடியது.

"வெல்கம் டு கிரீஸ்" என்றவர் நாங்கள் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "அட, நம்ம ஆளா! வாங்க தங்கச்சி, வாங்க. நமக்குக் கீழக்கரை. ஹபீப் முகம்மது. சாதாரண நாள்ல நான் ரெஸ்டாரண்ட்லதான் இருப்பேன். வாரக்கடைசியில மட்டும் கிரேக்கன்."

"பெட்ஷீட் அங்கிள்" என்று ரினி மெதுவாகச் சொன்னாள். அவர் தட்டை வைத்துவிட்டு அவளுக்கு சலாம் போட்டார்.

நீலக் கூரை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மொட்டைமாடித் தண்ணீர் டேங்குக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நீச்சல்குளம் மெயின்டனன்ஸ். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பால்கனியில் ஏசி பெட்டியின் மேல் ஏறி நின்று கழுத்தை இடதுபக்கம் திருப்பினால் கடல் தெரிந்தது. நான் குளச்சல்காரி. எங்கள் ஊர்க் கடல் போன மழைக்கு எங்கள் தெருச் சுவரையே இடித்துக்கொண்டு போனது. அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது யாரோ கால் கழுவிவிட்டுப் போன தண்ணீர். முழங்கால் ஆழம், அலை இல்லை, தூரத்தில் மண் அள்ளும் கப்பல் ஒன்று. இதற்கு ஒரு சிவப்புக் கொடி, ஒரு லைஃப்கார்ட், ஒரு விசில்! கடற்கரையில் பிறந்துவிட்டுக் கடலைப் பார்க்கக் காசு கொடுத்த ஒரே குடும்பம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

அறையில் ஏசி கட்டிலின் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிசம், பாத்துருகேன்" என்று செல்வசிங் நாற்காலியை இழுத்தார்.

"தொடப்பிடாது! இது ஒங்களுக்க சைட் இல்ல. பிள்ளைய கூட்டிட்டுக் கடலுக்குப் போங்க."

போனார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு படியிறங்கி வருவதற்குள் விசில் சத்தம் கேட்டது. ஓடினேன். நடந்தது இதுதான். கரடிக்கும் மசியவில்லை, சாக்லேட்டுக்கும் மசியவில்லை என்றதும், தண்ணீருக்குள் கொண்டுபோனால் பிள்ளை சிரித்துவிடும் என்று நினைத்து இவர் அவளைத் தூக்கியிருக்கிறார். அவள் "அங்கிள், விடுங்க! அம்மா!" என்று ஊரைக் கூட்டியிருக்கிறாள். லைஃப்கார்ட் வந்து வழியை மறித்துவிட்டான்.

"பாய், யே பச்சி கிஸ்கி?" யார் பிள்ளை என்று கேட்கிறான்.

"மேரா! மேரா பேட்டி!"

லைஃப்கார்ட் இவர் பேச்சை நம்பவில்லை. நம்பாதது அவன் தப்பும் இல்லை. குனிந்து ரினியிடம் இங்கிலீஷில் கேட்டான், இவர் உன் பப்பாவா என்று. என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெளிவாகப் பதில் சொன்னாள்.

"நோ. மை பப்பா இஸ் இன் தி போன்."

மேனேஜர் வந்தார், பாஸ்போர்ட் வந்தது, வெள்ளைக் கவுனில் மணலில் விழுந்தெழுந்து நானும் வந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். சுற்றி நின்றவர்கள் கலைந்து போகும்போது இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளையைத் தூக்கியதற்கு ஒரு மனுஷன் கடற்கரையில் நின்று ரசீது காட்டவேண்டியிருக்கிறது. எனக்கு யாரையாவது நாலு அறை விடவேண்டும் போலிருந்தது. வேறு ஆள் கிடைக்காததால் அறைக்கு வந்ததும் அவரையே பிடித்துக்கொண்டேன்.

"யாராக்கும் ஒங்களை இப்பம் கிரீஸ் கேட்டது? முசஃபாவுல ஒரு ரூம் எடுத்து, ஒரு கஞ்சி வச்சுக் குடிச்சிருந்தா போதாதா? சாயமும் சென்டும்! பிள்ள ஒங்களை எப்பிடிக் கண்டுபிடிக்கும்?"

அவர் நாற்காலியில் ஏறி ஏசியின் மூடியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு எதையோ தட்டினார், ஊதினார், ஒரு குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் அவருடைய பூச்சட்டை முழுக்க வடிந்தது. சொட்டுவது நின்றது. குளிர்காற்று வந்தது.

"இதுக்காவது என்னை ஆளு தெரியுது" என்று சொல்லிவிட்டு இறங்கி வெளியே போய்விட்டார்.

கரடி மட்டும் கட்டிலில் கிடந்து சிரித்தது. எடுத்து அதை அலமாரிக்குள் எறிந்தேன். அம்மா கோபமாக இருந்தால் தள்ளி நிற்கவேண்டும் என்று ரினிக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வெயில் இறங்கிவிட்டிருந்தது. பக்கத்தில் எங்கோ பாங்கு சொன்னார்கள். உடனே எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அம்மா, போன் தாங்க. அப்பாவுக்கு டூட்டி முடிஞ்சிருக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். விளையாடவில்லை. அப்பா எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம் "போன்ல இருக்காரு" என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன். மங்காஃபில் எந்த வீட்டில் கேட்டாலும் அந்தப் பதில்தான். நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

திரையில் அவர் வந்தார். கடலோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லை, தலை கலைந்து, கழுத்தில் துண்டு.

"அப்பா!" அவள் குரல் அப்படியே மாறிவிட்டது. "அப்பா, நாங்க ஒரு ஹோட்டலுக்கு வந்திருக்கோம். கிரீஸாம். ஒண்ணும் கொள்ளாது. பூல்ல தண்ணியே இல்ல!"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு வழக்கமான குரலில், "பின்ன?" என்றார்.

"பின்ன, ஒரு அங்கிள் கூட வந்திருக்காரு. என்னத் தூக்கினாரு. போலீஸ் மாமா விசில் அடிச்சாரு. அம்மா அவர சத்தம் போட்டுட்டே இருக்கு. பாவம்."

நான் துணி மடிப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன்.

"அங்கிள் எப்பிடி? கெட்ட ஆளா மக்களே?"

அவள் யோசித்தாள். "இல்ல, குட் அங்கிள்தான். ஏசி ரிப்பேர் பண்ணினாரு. ஆனா சென்ட் நாத்தம்."

அந்தப் பக்கம் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். தங்க இலைக் கிரீடம் ஒன்று திரைக்குள் நீண்டது. ஹபீப் பாய் பக்கத்தில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பா! ஒங்க கிட்டயும் ஒரு பெட்ஷீட் அங்கிள் இருக்காரு!"

"ஆமா மக்களே."

"எங்க ஹோட்டல்லயும் இருக்காரே..." என்று இழுத்தாள். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அப்பா, நீங்க எப்பம் வருவீங்க?"

இந்தக் கேள்வியை அவள் தினமும் கேட்பாள். கம்பெனி விடட்டும் மக்களே, விட்டதும் வாறேன் என்பார். இன்று அவர் எழுந்து நிற்பது திரையில் தெரிந்தது.

"இப்பம் வரட்டா?"

"இப்பமா? பிளைட்லயா?"

"இல்ல, நடந்து. நீ பாத்துட்டே இரு, வச்சிராத."

திரை ஆடத் தொடங்கியது. மணல் போனது, சிவப்புக் கொடி போனது. துண்டு கட்டிய அம்மணி வந்ததும் ரினி துள்ளினாள். "அது எங்க பொம்ம! அப்பா, அது எங்க ஹோட்டல்! நீங்க எங்க ஹோட்டலுக்குள்ள வந்துட்டீங்க!"

"அப்பிடியா? லிஃப்ட்டு எங்க இருக்கு?"

"லிஃப்ட் வேண்டாம், அது வேல செய்யாது! படியில வாங்க. ஓடி வாங்க!"

அவர் ஓடினார். திரையில் படியும் கூரையும் மாறிமாறித் தெரிந்தன, மூச்சு வாங்குகிற சத்தம் போனிலும் கேட்டது, வராந்தாவிலும் கேட்டது. ரினி முதலில் போனைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். கதவு தட்டப்பட்டது.

"அப்பா, யாரோ தட்டுறாங்க" என்றாள் போனிடம், ரகசியமாக. "தொறக்கட்டா?"

"தொற மக்களே."

எட்டி, இரண்டு கையாலும் பிடியை இழுத்துத் திறந்தாள். கறை பிடித்த சட்டையோடு, முகமெல்லாம் வேர்வையாக, போனைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். உள்ளே வரவில்லை. தூக்கக் கையை நீட்டவும் இல்லை. கடற்கரையில் பட்ட பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. ரினி திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்து மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "நீங்க இவ்ளோ பெருசா?"

அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதை மறைக்க அந்த ஹோட்டலையும் அவர் கம்பெனியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரினி இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. அவர் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி அவர் மடியில் உட்கார்ந்து, வசதியாகச் சாய்ந்துகொண்டு, போனில் இருந்த அப்பாவிடம் "பை" என்று சொல்லி, போனைக் கட் பண்ணினாள்.