சூளைக்காரன் கை

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளை அடுக்கி வெளியூருக்கு அனுப்பும் மரப்பெட்டி ஒன்றில் என் மகள் கிடந்தாள். வைக்கோலை எடுத்துவிட்டுப் பஞ்சு பரப்பியிருந்தார்கள். பெட்டியை நான்தான் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். மேலே நாற்பது வாட் பல்பு தொங்கியது. ஏழாம் மாதத்தில் பிறந்தவள். எடை இரண்டே முக்கால் ராத்தல். கம்பெனியில் வடிவம் பிசகிய கோப்பையைச் சூளைக்கு ஏற்றாமல் பிசைந்து மண்ணோடு சேர்த்துவிடுவோம். அவளை முதலில் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாலு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. டாக்டரம்மா காலையில் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் நர்ஸ் ராஜம்மாள்தான். பிரசவம் முடிந்ததும் என் மனைவி திரௌபதிக்கு ஜன்னி கண்டு, அவள் தம்பி பாவாடை வாடகைக் காரில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனான். குழந்தையையும் தூக்கிப் போனால் வழியிலேயே போய்விடும் என்றார்கள். அதனால் நான் இங்கே. காரில் ஏற்றும்போது திரௌபதி ஒன்றுதான் கேட்டாள். "அழுதுச்சா?" அழவில்லை. கம்பி உரசுவது போல் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

நான் ராத்திரி ஷிப்டுக்காரன். பி.யு.சி.யைப் பாதியில் விட்டவனுக்குச் சூளைதான் கிடைத்தது. யாரோடும் பேச வேண்டாம் என்பதால் பிடித்தும் இருந்தது. லீவு போட்டுவிட்டுப் பகலில் விழித்திருந்த அந்த மூன்று நாளும் எனக்கு யாருடைய ஊரிலோ இருப்பது போல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒருவரையும் தெரியவில்லை.

அது மின்வெட்டு வருஷம். காலை பதினொரு மணிக்கு அணையும் பல்பு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எரியும். அதுவரை குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார் ராஜம்மாள். அரை மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் பக்கத்து அறையில் மங்கலம்பேட்டைப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது.

"கலியமூர்த்தி, நீ மாத்து. கையில வெச்சிப் பாரு, வெதுவெதுன்னு இருந்தா போதும். சூளக்காரன்தான, ஒனக்குத் தெரியாத சூடா?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். சூளைக் கதவின் செங்கல்லைத் தொட்டு, உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்லுவேன். பாட்டிலை நிரப்பி உள்ளங்கையில் வைத்தேன். ஆறிப்போனது போல இருந்தது. கொட்டிவிட்டு, கொதிக்கிற தண்ணீராகப் பார்த்து ஊற்றினேன். இப்போது வெதுவெதுப்பு. அவள் காலடியில் வைத்தேன்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவள் அழுதாள். வாயை முழுக்கத் திறந்து, முகம் சிவக்க, ஒரு முழுக் குழந்தையைப் போல அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராஜம்மாள் ரத்தக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார். "அழுவுறாளா! அடி சிறுக்கி, அழுவுறியா நீ!" சிரித்துக்கொண்டே குனிந்தவர் கை பாட்டிலில் பட்டது. வெடுக்கென்று அதைப் பிடுங்கி எடுத்தார். இடது காலில் புளியங்கொட்டை அளவு கொப்புளம். அந்தக் காலுக்கு அது பாதி.

என் கையைப் பிடித்து இழுத்து, பாட்டிலை அதில் அழுத்தினார்.

"சுடுதா?"

"இல்லிங்க."

"இது கையாய்யா, ஓடா?"

மருந்து தடவி மெல்லிய துணி போட்டார். என்னை வெளியே போகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். பக்கத்து அறைப் பெண் கத்தினாள். "எனக்கு ரெண்டு கைதான் இருக்குது. நீதான் பாக்கணும். இந்தக் கைய நம்பாத. தீ படாத எடமா ஒடம்புல எங்கனா இருந்தா அங்க வெச்சிப் பாரு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மூன்று மணிக்குப் பாவாடை வந்தான். பஸ்ஸின் புழுதி தலையில் இருந்தது.

"அக்கா கண்ணு முழிச்சிடுச்சி மாமா. முழிச்சதுலேர்ந்து ஒண்ணையேதான் கேக்குது, புள்ள அழுதுச்சான்னு. போய்ப் பாத்துட்டு வாடான்னு தொரத்துது."

"அழுதுச்சின்னு சொல்லு."

"நெசமாவா?" பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். துணி காலை மூடியிருந்தது. "உங்க மூஞ்சியப் பாத்துட்டாளா?"

அவன் சிரித்தபடி, பஸ்ஸு போயிடும் என்று ஓடினான்.

பாட்டில் மாற்றும் நேரம். புதிதாக நிரப்பினேன். முன்கையெல்லாம் பழைய தழும்பு. சூளைத் துவாரத்தில் பார்த்துப் பார்த்துக் கன்னமும் காய்ந்திருந்தது. சட்டைப் பித்தானைக் கழற்றி, பாட்டிலை வயிற்றில் வைத்தேன். சுட்டது. எடுக்கவில்லை. அது வெதுவெதுப்பாக ஆறும்வரை அப்படியே நின்றேன். பெட்டிக்குள் அவள் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை.