வினோதினிக்கு வைத்த கஞ்சி

"யார்டி உன்ன அடுப்படிக்குள்ள வுட்டது?"

கோயிலுக்குப் போய்த் திரும்பிய வீட்டுக்காரம்மா பரிமளா போட்ட சத்தத்தில், பிரவீணாவின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. அடுப்பில் கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் வாடகைக்கு இருந்த பின்னறையில் வினோதினி மூன்று நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தும் அவளுக்கு இறங்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கஞ்சி. இதில் திட்டுவதற்கு என்ன இருக்கிறதென்று பிரவீணாவுக்கு விளங்கவில்லை.

"வினோவுக்குக் காய்ச்சல்க்கா. ஒண்ணுமே சாப்புடல. அதான்..."

"அதுக்கு? கொடத்துல கைய வுட்டுத் தண்ணி மோந்தியா?"

"மோந்தேங்க்கா."

"போச்சு! எல்லாம் போச்சு!" பரிமளா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏய் வினோதினி! எந்திரிச்சு வாடி இங்க. என்ன சொல்லி இவளக் கூட்டியாந்த நீ? அடுப்படிப் பக்கமே வராம பாத்துக்கறேன்னு சொன்னியா, இல்லியா?"

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை அணைக்கவும் தோன்றாமல் பிரவீணா நின்றாள்.

பெரம்பலூரில் துறையூர் சாலையை ஒட்டிய அந்த வீட்டுக்கு அவள் வந்து எட்டு மாதமாகிறது. வேப்பந்தட்டைப் பக்கத்துப் பிள்ளை. அவள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். சேர்ந்த புதிதில் பட்ட பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது! வகுப்பில் எழுந்து பெயரைச் சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். இங்கிலீஷில் நடத்துவது பாதி புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் வாய் வராது. அடையாள அட்டைக்கு யாரைக் கேட்பதென்று தெரியாமல் நாலு நாள் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். விடுதியிலும் இடமில்லை என்றார்கள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்ததில் உடம்பும் ஓய்ந்தது. "எனக்குப் படிப்பே வேணாம்மா, ஒங்கூட வெங்காயக் காட்டுக்கே வந்துடறேன்" என்று அம்மா மருதாயியிடம் போனில் அழுதாள்.

அப்போது கைகொடுத்தவள்தான் வினோதினி. இரண்டாமாண்டு மாணவி. இருவருக்கும் ஒரே ஊர். அவள் வீடு ஊருக்குள், இவள் வீடு காலனியில். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தும் பேசிக்கொண்டதில்லை. கல்லூரி வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு நின்றவளை அவளே வந்து கூப்பிட்டாள். "என் ரூம்ல இருந்த அக்கா படிப்ப முடிச்சிட்டுப் போயிட்டாங்க. நீ வர்றியா?" பிறகு போனை வாங்கி மருதாயியிடம், "பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஊர்ப்பிள்ளை தன்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதை மருதாயி காலனி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

பார்த்துக்கொள்ளவும்தான் செய்தாள். செமினாரில் பேச வேண்டியதைப் பத்து முறை சொல்லவைத்துப் பயத்தைத் தெளியவைத்தாள். "நீ படிடி, சமையல நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்காரியோடு பொதுவான அடுப்படியில் சோறு பொங்கித் தட்டில் போட்டு அறைக்கே கொண்டுவந்தாள். தண்ணீர் பாட்டிலையும் அவளே நிரப்பி வைப்பாள். பிரவீணா அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூட, "போய் ரெக்கார்ட் எழுதுடி" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிடுவாள். பெற்றவள்கூட இப்படித் தாங்கமாட்டாள் என்று பூரித்துப்போனாள் பிரவீணா. பைத்தியக்காரி! கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

வினோதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். 'நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லக்கா' என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று பிரவீணா அவள் முகத்தையே பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. இவளுக்குத் தெரியாது. கொடத்த நானே வெளக்கி வச்சிடறேன்."

"அப்ப நீ சொன்னது நெசந்தானா வினோ?"

"உன் நல்லதுக்குத்தான்டி. எந்தத் தெருன்னு கேக்காம இங்க யாரு ரூம் குடுக்கறா? மறைச்சுட்டு அப்புறம் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெரட்டிடுவாங்க. அதான் உள்ளதச் சொல்லி, நான் பாத்துக்கறேன்னு... உன் மனசு நோகும்னுதான் உங்கிட்ட சொல்லல."

பரிமளாவாவது வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். இவள் சிரித்த முகத்தோடு எட்டு மாதம் காவல் காத்திருக்கிறாள்! ஊரிலிருந்து மருதாயி கொடுத்தனுப்பிய அதிரசத்தை ஒவ்வொரு தடவையும் 'வயிறு சரியில்ல', 'இன்னிக்கு விரதம்' என்று இவள் ஒதுக்கியது பிரவீணாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

அடுப்பை அணைத்தாள். கஞ்சியை டம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டு, ஆற்றி நீட்டினாள்.

"எம்மேல இருக்கற பாசத்துலதான செஞ்ச? இந்தா, குடி."

வினோதினியின் கை பாதி எழுந்தது. கண் பரிமளாவிடம் போய்த் திரும்பியது. கை இறங்கிவிட்டது.

"வாய் கசக்குதுடி. அப்புறமா குடிக்கிறேன்."

பிரவீணா நின்ற இடத்திலேயே அந்தக் கஞ்சியைக் குடித்தாள். ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

"என் வூட்டுலயே நின்னுகிட்டு என்னா திமிரு!" பரிமளா கத்தினாள். "இந்த மாசத்தோட காலி பண்ணிடு."

"பண்றேங்க்கா. என்ன காரணத்துக்காகன்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

வகுப்பில் பெயரைச் சொல்ல நடுங்கிய பிள்ளையின் குரலா இது! அவளுக்கே நம்ப முடியவில்லை. பரிமளாவின் புருஷன் அரசாங்க வேலையில் இருப்பவர். தெருவுக்கே கேட்கும்படி கத்திய காரணத்தை எழுதிக் கொடுத்தால் வழக்காகி அவர் வேலைக்கே ஆபத்தாகுமென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டாள்.

"எதுக்குடி இந்த வம்பு?" என்றாள் வினோதினி. "அடுத்த வாரம் பரீட்சை. ரெண்டு நாள் பொறு, பழையபடி நானே பொங்கிப் போடறேன்."

பிரவீணாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவினாள். அதே குடத்திலிருந்து தண்ணீர் மோந்து உலை வைத்தாள். அரிசியை எடுத்து ஒரு ஆளுக்கு மட்டும் களைந்து போட்டாள்.