போனாரியாவின் பையில் காலிஃபிளவர்

எங்கள் ஊரில் நவம்பர் முதல் தேதி மத்தியானம் பிள்ளைகள் துணிப்பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். செத்தவர்களுக்காக ஏதாவது கொடுங்கள் என்று வாசலில் நின்று கேட்பார்கள். உலர்ந்த அத்தி, மிட்டாய், திராட்சையும் பாதாமும் போட்டு மேலே சர்க்கரை பூசிய பப்பசீனி எல்லாம் கிடைக்கும். பிள்ளை வாங்குவது அந்த வீட்டுச் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. அதனால் எந்தப் பிள்ளையையும் வெறும் கையோடு அனுப்பக் கூடாது. பெரியவர்கள் பிள்ளைகளோடு வாசல்வரை போவதும் கூடாது. சந்து முனையில் நிற்கலாம்.

என் பெயர் அன்னிக்கா. என் அண்ணன் மகள் போனாரியாவுக்கு எட்டு வயது. போன பிப்ரவரியில் அவளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். இன்சுலின் சுரக்கும் இடத்தை அவள் உடம்பே அழித்துவிட்டது. அவள் எதையும் அதிகமாகத் தின்று இது வரவில்லை. எங்கள் தீவில் இது நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது. ஆனால் எங்கள் ஊருக்குத் தெரிந்த சர்க்கரை நோய் ஒன்றே ஒன்றுதான். அது ஐம்பது வயதில் தொப்பையோடு வரும், மாத்திரைக்கு அடங்கும். எட்டு வயதிலேயே வந்திருக்கிறது என்றால் ஐம்பது வயது வரைக்குமான தீனியை அந்தப் பிள்ளை அதற்குள் தின்று முடித்திருக்க வேண்டும் என்று ஊர் கணக்குப் போட்டது. அவ்வளவையும் ஊட்டியது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் அண்ணி ரிமெடியா ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள்.

அன்றிலிருந்து கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் சில்லறையோடு ஒரு புத்திமதியும் வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணி யார் வீட்டுக்கும் போவதை நிறுத்தினாள். இந்த வருஷம் போனாரியா பை எடுக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். குழந்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கூடப் போய் முனையில் நிற்கிறேன் என்று நான் கெஞ்சினேன்.

"சரி அன்னிக்கா, கூட்டிட்டுப் போ," என்றாள் அண்ணி. "ஆனா ஒண்ணு. ஏதாவது ஆச்சுன்னு என் காதுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் தவிர அவ எங்கயும் போகமாட்டா. நீயும் கேக்கக் கூடாது."

நான் பட்டியல் போட்டேன். மேட்டுத் தெருக்கள் ஏறினால் சர்க்கரை இறங்கும். அதனால் மருத்துவர் சொல்லியிருந்தபடி மதிய ஊசியின் அளவைக் குறைத்தோம். அவள் கையில் ஒட்டியிருக்கும் கருவி சர்க்கரை அளவை என் கைபேசிக்கு அனுப்பும். அதைச் சோதித்தேன். அதிகம் இறங்கிவிட்டால் உடனே ஏற்றுவதற்குப் பழரசப் பொட்டலம் இரண்டு வாங்கி, ஒன்றை என் பையிலும் ஒன்றை அவள் சட்டைப் பையிலும் வைத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

எனக்கு முன்னால் இன்னொருத்தியும் திட்டம் போட்டிருந்தாள். வகுப்புப் பெற்றோர் குழுவின் தலைவி பினூச்சா எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். நம் சின்ன போனாரியா மனம் நோகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கென்று சர்க்கரை இல்லாத பொருள் ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கவும் என்று எழுதி, கடைசியில் மூன்று இதயம் போட்டிருந்தாள். முதலில் படித்தபோது எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. நல்ல மனசு என்றுகூட நினைத்தேன்.

முதல் வீடு பினூச்சாவுடையதே. மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து பப்பசீனி, போனாரியாவுக்கு ஒரு காலிஃபிளவர். அடுத்த வீட்டில் நாலு கேரட். அதற்கடுத்த வீடுகளில் வெங்காயம், பச்சை முட்டை, மறுபடியும் காலிஃபிளவர். ஒரு வீட்டில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு இனிக்காததால் அதற்கு எங்கள் ஊரில் குற்றமில்லை. அந்த வருஷம் எங்கள் ஊர்ச் செத்தவர்களில் பாதிப்பேர் சமைத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்திருக்கும்.

போனாரியா ஒவ்வொரு வாசலிலும் நன்றி சொன்னாள். ஏழாவது வீடு தாண்டியதும் பை கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். நான் தூக்குகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் எண் எழுபத்தைந்துக்கு இறங்கியது. என்னிடம் இருந்த பழரசத்தைக் கொடுத்தேன், ஏறியது. இன்னொன்று அவள் சட்டைப் பையில் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர் பக்கீசியோ வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பது சந்து முனையில் நின்ற எனக்குத் தெரியாது. குனிந்து அவள் தோளைத் தட்டிக் கொடுத்தவர் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறார். இதை உனக்கு யார் கொடுத்தது என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அது என் மருந்து என்று அவள் சொன்னதற்கு, எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் மருந்து என்று சிரித்திருக்கிறார்.

பத்திஸ்தீனாவின் வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். போனாரியா நின்றாள். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்திருந்தது. கைபேசியில் ஐம்பத்தெட்டு, அம்புக்குறி கீழ் நோக்கி. சட்டைப் பையில் கை விட்டேன், காலி. தபால்காரர் விஷயத்தை அப்போதுதான் சொன்னாள், நாக்குக் குழறிக்கொண்டே. முனையில் நிற்கும் வழக்கத்தை மறந்து அவளைத் தூக்கிக்கொண்டு பத்திஸ்தீனாவின் வீட்டுக்குள் போனேன்.

பத்திஸ்தீனாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். ஊரில் இந்த விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்த இரண்டு பெண்களோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் பாதி தின்ற பப்பசீனி இருந்தது. விசேஷ நாளில் ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் சொன்னாள்.

சர்க்கரை வேண்டும், உடனே, என்றேன்.

"யாருக்கு, இவளுக்கா?" என்றாள் பத்திஸ்தீனா. மேஜை மேலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து மூடி மேல் கையை வைத்தாள். "உனக்கு மூளை இருக்கா? சுகர் இருக்கிற பிள்ளைக்குச் சர்க்கரையா?"

"இறங்கிப் போச்சு பெரியம்மா. இப்ப கொடுக்கலேன்னா மயங்கிடுவா."

"எனக்கும் அதே வியாதிதான். இருபது வருஷம். நீ எனக்குச் சொல்லித் தராதே. என் வீட்டுல வச்சு ஒரு குழந்தையைக் கொல்ல நான் விடமாட்டேன்."

உங்களுடையது வேறு, இவளுடையது வேறு என்று விளக்கத் தொடங்கினேன். என் புத்தி அப்படித்தான், முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால் எவருக்கும் புரியும் என்று நினைக்கும். நான் பேசப் பேச என் தோளில் போனாரியாவின் தலை கனத்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, பத்திஸ்தீனாவின் விரல்களைப் பிரித்துக் கிண்ணத்தை எடுத்தேன். மூடி விழுந்து உடைந்தது. மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன்.

பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். கல்லறையிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தி ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். மற்றவள் கைபேசியை எடுத்தாள். மூன்று கரண்டி போதுமா, நாலு போட்டிருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மெல்ல போனாரியாவின் உதட்டில் நிறம் வந்தது. கண் திறந்து மேஜையைப் பார்த்தாள்.

"பெரியம்மா, அந்தப் பப்பசீனில ஒண்ணு தருவீங்களா?"

"பாரு, வெறி பிடிச்சிடுச்சு," என்றாள் பத்திஸ்தீனா தோழிகளிடம்.

கைபேசி தொண்ணூற்றாறு என்றது. நான் நிம்மதியில் சத்தமாகவே படித்துவிட்டேன். பத்திஸ்தீனா வெற்றியோடு தலையாட்டினாள். ஏறிவிட்டது பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்றாள். பிறகு மனசு இளகி, தன் மாத்திரையை இரண்டாக உடைத்து ஒரு பாதியைக் குழந்தையிடம் நீட்டினாள். நான் போனாரியாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் தாண்டும்போது, பத்திஸ்தீனாவின் பங்காக, அவள் பையில் ஒரு சோம்புக் கிழங்கு விழுந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. ரொட்டிக்காரியின் நாத்தனார் சுகர் பிள்ளைக்குக் கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரை ஊட்டினாள், பத்திஸ்தீனா தடுத்ததால் உயிர் தப்பியது என்று பெற்றோர் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் படித்தபடியே கதவைத் திறந்தாள். நான் நடந்ததை நேரத்தோடும் எண்ணோடும் ஒன்று விடாமல் சொன்னேன். தபால்காரரையும் சொன்னேன். இரண்டுக்குப் பதில் நாலு பொட்டலம் வாங்கியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன்.

அண்ணி பையைச் சமையல் மேஜையில் கவிழ்த்தாள். காலிஃபிளவர் மூன்று, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, சோம்புக் கிழங்கு. முட்டைகள் உடைந்து எல்லாவற்றிலும் வழிந்திருந்தன. போனாரியா தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த வருஷமும் போகக் கூடாதா என்று கேட்டாள்.

அண்ணி பையை உதறித் துடைத்தாள். அதை மகள் தோளில் மாட்டினாள். அலமாரியிலிருந்து பழரசம் ஐந்தாறு எடுத்துத் தன் கோட்டுப் பையில் திணித்தாள்.

"முதல்ல யார் வீட்டுக்குப் போனீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

எட்டு மாதமாக யார் வாசலையும் மிதிக்காதவள் தெரு நடுவில் நடந்தாள். முனையில் நிற்கவில்லை. பினூச்சாவின் கதவை அவளே தட்டினாள். பினூச்சா திறந்து, குழந்தையைப் பார்த்து, அண்ணியைப் பார்த்து, ஏற்கெனவே வந்துவிட்டுப் போனாளே, ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதானே வழக்கம் என்றாள்.

"அந்தக் காலிஃபிளவர் உங்க செத்தவங்களுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு," என்றாள் அண்ணி. "இப்ப உயிரோட இருக்கிறவளுக்குக் கொடு."

பினூச்சா, சுகர் இருக்கும் பிள்ளைக்கு எப்படி என்று ஆரம்பித்தாள். பிள்ளை தின்பதற்கு எவ்வளவு ஊசி என்று கணக்குப் பார்த்துப் போடுவது தன் வேலை, கொடுப்பது மட்டும்தான் பினூச்சாவின் வேலை என்று அண்ணி சொன்னாள். குரல் ரொட்டி விற்கும்போது இருப்பது போலவே இருந்தது. பினூச்சா உள்ளே போய் இரண்டு பப்பசீனியோடு வந்தாள். அவை பையில் விழுந்தன. போனாரியா நன்றி சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மத்தப் பிள்ளைங்களுக்கு எத்தனை கொடுத்தே பினூச்சா?"

"அஞ்சு."

அண்ணி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். பினூச்சா மறுபடி உள்ளே போனாள்.