மூன்றாவது பத்தி

பேத்தியின் அட்டையில் தேவை, ஆசை என்று இரண்டு பத்திகள்தான் இருக்க வேண்டும். பள்ளியில் சொன்னது அப்படி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறார்களாம். வீட்டில் ஒரு மாதம் ஆன செலவையெல்லாம் அந்த இரண்டுக்குள் பிரித்து எழுதி, பெற்றோர் வரும் நாளில் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டுமாம். அவள் அட்டையில் மூன்று பத்திகள் இருந்தன. மூன்றாவதன் தலைப்பு கௌரவம். இருப்பதில் அதுதான் நீளம்.

மாட்டுவதற்கு முந்தின நாள் மாலைதான் அது என் கண்ணில் பட்டது. மேஜையில் மூக்கு உரசும்படி குனிந்து ஓரத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். கொஞ்ச நாளாக அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். கடைசிப் பெட்டி கடந்துபோகும்வரை நடைமேடையில் முதுகு வளையாமல் நின்றவன். என் வீட்டில் கூன் போட்டு உட்கார யாருக்கும் அனுமதி இல்லை. அவள் நிமிர்ந்தாள், அட்டை முழுதாகத் தெரிந்தது.

அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு மோதிரம். அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்த வாடகைக் கார். யாரும் கூப்பிடாத பழைய ஃபோனுக்குக் கட்டணம். தாத்தாவின் வெள்ளைச் சட்டைகளுக்குச் சலவை, தனியாக இஸ்திரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை, குண்டுகுண்டான எழுத்தில்.

"யாரக் கேட்டு இப்படி எழுதின?"

"உங்களத்தான் தாத்தா. மோதிரம் தேவையா ஆசையான்னு கேட்டேன். ரெண்டும் இல்ல, அது கௌரவம்னு சொன்னீங்க. ஃபோனுக்கும் அதேதான் சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். பேப்பர் படிக்கும்போது வந்து கேட்டால் வாயில் வருவதுதானே வரும். சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் சொல்வது வேறு, சுவரில் மாட்டுவது வேறு. பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது அதை அல்லவா?

மகனிடம் முறையிட்டேன். அவன் என் மீசையைப் பார்த்தபடியே சொன்னான்: "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னுதானப்பா சொல்லுவாங்க. வேணும்னா எல்லாத்தையும் ஆசையில சேத்துரச் சொல்றேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் தலை நிமிரவில்லை. "அவ பொய் எழுதலையே மாமா."

அவள் ஒருநாளும் குரலை உயர்த்துகிறவள் இல்லை. உயர்த்தினாலாவது நானும் பதிலுக்கு உயர்த்தலாம்.

மறுநாள் மதியம், கூட்டம் சேருமுன் வாடகைக் கார் பிடித்துப் பள்ளிக்குப் போனேன். நடந்தால் கால் மணி நேரம். ஆனால் நியாயம் கேட்கப் போகிறவன் வேர்த்து விறுவிறுத்துப் போய் நிற்கக் கூடாது. டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். வகுப்பாசிரியைக்கு என் பேத்தியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருந்தால் அதிகம். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும், அந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகவே கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"நீங்கதான் அந்தத் தாத்தாவா? ரெண்டு பத்தியில அடங்காதது எல்லா வீட்லயும் இருக்குன்னு போன வாரம் அவ அட்டையப் பாத்தப்பத்தான் அய்யா எனக்கே தோணுச்சு. அதான் எல்லாரையும் போடச் சொல்லிட்டேன்."

கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நாற்பது அட்டைகள். நாற்பதிலும் மூன்றாவது பத்தி. விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற கோப்பைகள். பெரியப்பா வாங்கியதால் அப்பா வாங்கிய டிவி. அதற்குள் வந்துவிட்ட சில தகப்பன்மார் ஆளுக்கொரு அட்டைக்கு முன்னால் முதுகால் மறைத்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஊர் வாயை மூடத்தான் உலைமூடி இல்லை. சுவரை மூட நம் முதுகாவது இருக்கிறதே என்று நானும் எங்கள் அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். மறைக்கத் திரும்பும் முன்தான் முதல் பத்தியைப் பார்த்தேன். தேவை. நேற்று அந்தப் பக்கம் என் கண் போகவே இல்லை.

வாடகை, மளிகை, மின்சாரம், தாத்தாவின் மாத்திரை. கடைசி வரி: 'என் மூக்குக் கண்ணாடி.' தொகை இருக்க வேண்டிய இடத்தில், 'அடுத்த மாதம், மூன்றாம் தடவை.'

என்னிடம் யாரும் சொல்லவில்லை. மகனோ மருமகளோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? மோதிரம் வாங்கிய அன்று மருமகள் கடை வாசலில் ஏதோ பேச வாயெடுத்தாள். பில் போடட்டும், அப்புறம் பேசலாம் என்று நான்தான் கையமர்த்தினேன்.

கூட்டம் முடிந்து பேத்தியோடு வெளியே வந்தேன். கார் நின்ற இடத்திலேயே நின்றது, மீட்டர் நிற்கவில்லை. வண்டி கிளம்பியதும் பேத்தி பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். இந்த மாதக் கணக்காம். முன் இருக்கைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, கழுத்தை நீட்டி, மீட்டரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். நிமிர்ந்து உட்கார் என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தாத்தா," என்றாள் திரும்பாமலே, "அது மூணா, எட்டா?"

நான் எட்டிப் பார்ப்பதற்குள் எண் மாறிவிட்டது.