இருவர் பேச்சில் மூன்றாவது ஆள்

நடவு முடிந்து வந்த எல்சி, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து கணவன் லியோ. முன்பென்றால் ஈரக்கையோடு ஓடியிருப்பாள். இப்போது சேலைத் தலைப்பில் நிதானமாகக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

“சாப்டியா எல்சி?”

“ம். நீங்க?”

“ஆச்சு. அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லங்க. ஆத்துல தண்ணி வந்துருச்சு.”

“எம்மேல ஏதும் கோவமா? முன்ன மாதிரி பேசவே மாட்டேங்கிறியே.”

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதையும் இந்தப் போனில்தானே சொல்லியாக வேண்டும்! “அடுப்புல வேல கெடக்குங்க” என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமான கையோடு வெல்டர் வேலைக்குப் பறந்தவன் லியோ. விடுப்பில் வந்து போவதோடு சரி. அவர்கள் குடித்தனம் நடத்தியதே போனில்தான். சண்டை போட்டதும் சமாதானமானதும், பாபநாசத்துப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டக் கனவு கண்டதும் அதில்தான். இரண்டாவது முறையும் கரு கலைந்தபோது, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் அவன் காதில் மட்டும் அழுதாள். அப்படித்தான் நம்பியிருந்தாள்.

சில வாரங்களுக்கு முன், ஊர் வயல்களுக்கு நடுவே எரிவாயுக் கிணறு தோண்ட ஆட்கள் அளவெடுக்க வந்தார்கள். பெண்கள் திரண்டு மறித்தார்கள், எல்சியும் நின்றாள். அடுத்த வாரமே விசாரணை என்று ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். அதட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“போராட்டமெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? ரெண்டாவது தடவையும் கலைஞ்சு போச்சுன்னு புருஷன்கிட்ட அந்த அழுவ அழுவுறீங்க. மொதல்ல ஒடம்பப் பாத்துக்கங்க.”

போனில் லியோவிடம் மட்டும் சொன்னது அது. அப்படியானால் போனை ஒட்டுக் கேட்கிறார்கள்.

அன்றிலிருந்து போனைக் காதில் வைத்தாலே, இருவருக்கும் நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. லியோவின் குரல் காதோரம்தான் இருந்தது. அவனிடம் போய்ச் சேரத்தான் வழியில்லை. சொல்லாத பேச்செல்லாம் நெஞ்சில் சேர்ந்து, வரப்பில் நடக்கும்போது அவளாகவே முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவனோ அங்கே, மனைவி மனம் மாறிவிட்டாளோ என்று மருகிக்கொண்டிருந்தான்.

போராட்டத்துக்குப் போன இன்னும் சிலருக்கும் இதே அனுபவம் என்று தெரிந்து, ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். உரக்கடை பஞ்சநதம் எழுந்தார்.

“நாட்டுப் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? கேட்டா கேட்டுட்டுப் போறான். தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?”

பலர் தலையாட்டினார்கள். எல்சி எழுந்தாள்.

“அண்ணே, நான் என்ன தப்புப் பண்ணேன்? வயித்துல தங்காத புள்ளைக்காக எம்புருஷன்கிட்ட அழுதேன். அத ஒரு அதிகாரி எங்க வீட்டுல உக்காந்து எனக்கே திருப்பிச் சொல்றாரு. குண்டு வைக்கிறவனப் புடிங்க, வேணாங்கல. அதுக்குச் சட்டம் இருக்கு, முறை இருக்கு. என் அழுகை எதுக்கு அவங்களுக்கு? அன்னையிலேருந்து அவருகிட்ட மனசு விட்டு ஒரு வார்த்த பேசலண்ணே. அவரு உசுரோட இருக்காரு. நாந்தான் அவரத் தொலச்சுட்டு நிக்கிறேன்.”

பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டார்.

“சிங்கப்பூர்ல இருக்குற எம்பொண்ணும் அது கஷ்டத்தையெல்லாம் போன்லதாம்மா எங்கிட்டச் சொல்லுது” என்றார் மெல்ல. “நான் அத யோசிக்கல. கலெக்டர்கிட்ட புகார் குடுப்போம். மொத ஆளா நான் வர்றேன்.”

எல்சி வெளியே வந்து, வாய்க்கால் கரையில் நின்று லியோவை அழைத்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் அழுகிறான் என்று புரிந்தது.

“இத்தன நாளா இத மனசுலயே வச்சிருந்தியா?” என்றான் கடைசியில். “எல்சி… இப்பவும் கேட்டுட்டு இருப்பாங்களோ?”

“இருக்கலாம்ங்க. கேக்குறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். தப்புப் பண்றவங்களுக்கு மட்டுந்தான் ரகசியம் வேணும்னு இல்ல. அன்பா இருக்குறவங்களுக்கும் வேணும். அதுல கை வைக்க எந்தச் சர்க்காருக்கும் உரிமை கெடையாது.”