மங்களநாயகி வேலையை விட்ட சனிக்கிழமை

தட்டு மாற்ற நல்ல நேரம் குறித்துக் கொடுத்த ஐயருக்குத் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கம் இல்லை. அதுதான் வினையாகிப் போனது. சனிக்கிழமை இரவு ஏழரைக்கு மேல் ஒன்பதரைக்குள் என்று அவர் சொன்னார். பிரிக்ஃபீல்ட்ஸில் மாப்பிள்ளையின் அம்மா தனலெட்சுமியும் பண்டமாரானில் பெண்ணின் அம்மா பவுனம்மாளும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். அன்று எட்டு மணிக்கு 'வக்கீல் மங்களநாயகி' நாடகத்தின் மூன்றாம் பாகம், அதாவது கடைசிப் பாகம், முடிகிறது என்பது இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு நாடகத்துக்காக நிச்சயத்தைத் தள்ளிப் போடலாமா என்று வாய்விட்டுக் கேட்க இருவருக்கும் வெட்கம்.

பெண் புஷ்பவல்லிக்கு மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் மேல் குறை ஒன்றும் இல்லை. கோயிலில் வைத்துப் பார்த்தபோது அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டான். அதற்கே எத்தனை பேருக்குத் துப்பில்லை! குறையெல்லாம் அவன் அம்மா தரகரிடம் சொல்லியனுப்பிய ஒரு வார்த்தையில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாதாம்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குப் பிரிவுக்கு அவள் அதிகாரி. கப்பல் வந்தால் ராத்திரி ஷிப்டுக்கும் போவாள். லோரி ஓட்டும் அப்பா வேலாயுதத்தின் வம்சத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போனவள் அவள் ஒருத்திதான். அந்தப் படிப்பைத் தூக்கிப் பரணில் போடச் சொல்ல இவர்கள் யார் என்று அவள் கத்திய கத்தலில், பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பவுனம்மாள் மழுப்பினாள். "முதல்ல தட்ட மாத்துவோம். மத்தத அப்புறம் மெதுவா பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்பம்மா? நான் ரிசைன் பண்ண பிறகா?"

"இருபத்தெட்டு வயசாச்சு. இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டு இரு, புஷ்பா. வேணும்னா உன் கால்ல விழறேன்."

பெற்றவள் காலில் விழுகிறேன் என்ற பிறகு என்னத்தைப் பேசுவது? பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, சேலை என்று தட்டுகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. காப்பி குடித்து முடித்தும் பேச்சு ஓடவில்லை. இரண்டு அம்மாக்களும் மாற்றி மாற்றிச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா சின்னையாவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்னா தனம், மூஞ்சே சரியில்ல?"

"ஒண்ணும் இல்லண்ணே. மணி எட்டாகப் போகுதுல்ல..."

பவுனம்மாளின் முகம் மலர்ந்தது. "சம்பந்தி! நீங்களும் மங்களநாயகி பாப்பீங்களா?"

"ஐயோ, ஒரு வாரம் விட்டதில்ல. வீடியோவுல பதிஞ்சு வைக்கலாம்னா, டெக்கு ரிப்பேரு."

"அட, டிவிய போடுங்கலா!" என்றார் சின்னையா. "ஒன்பதரை வரைக்கும் நேரம் கிடக்கு. தட்டு என்ன எந்திரிச்சு ஓடவா போகுது?"

தேங்காய்த் தட்டு திரையை மறைத்ததால் அதை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். கூடமே பாயில் நெருக்கி உட்கார்ந்தது.

முதல் இரண்டு பாகத்திலும் மங்களநாயகி கோர்ட்டை ஒரு கலக்குக் கலக்கியிருந்தாள். தோட்ட முதலாளியைக் கூண்டில் ஏற்றினாள். பெண் பார்க்க வந்து அதிகாரம் பேசியவனை வாசலோடு அனுப்பினாள். அந்தக் காட்சியைப் பவுனம்மாள் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். மூன்றாம் பாகத்தில் கதை எழுதுகிறவர் மாறிவிட்டாராம். மங்களநாயகி தன்கூட வேலை பார்க்கும் ஒரு வக்கீலையே கட்டிக்கொண்டாள். இன்று மாமியார் படுத்த படுக்கையானாள். மங்களநாயகி கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், சாமி அறையில் விளக்கேற்றினாள், புருஷன் புன்னகைத்தான், வயலின் அழுதது. முடிந்தது.

திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை பவுனம்மாள் அசையவில்லை. "அவ்வளவுதானா?" என்று தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தே கேட்டாள்.

தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல முடிவு. பொண்ணுன்னா கடைசியில வீட்டுக்கு வந்து சேரணும்."

"என்னா நல்ல முடிவு? அப்ப ரெண்டு பாகமா கோர்ட்டுல நின்னு கத்தினது எதுக்கு?"

"மாமியாருக்கு முடியலல்ல?"

"அவனப் பெத்தவதானே! அவனும் வக்கீலுதான். அவன் கழட்ட வேண்டியதுதானே கோட்டு?"

"ஆம்பள கழட்டுவானா?" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, பெண்கள் பக்கம் குபீரென்று சிரித்தது.

தனலெட்சுமி சிரிக்கவில்லை. "படிச்ச படிப்பு எங்க போகுது? பிள்ளைங்களுக்கு வீட்டுல சொல்லிக் குடுக்கலாம்ல."

"ஏன், பிள்ளைங்க மேல கேஸு ஏதும் இருக்கா?"

வேலாயுதம் இருமிப் பார்த்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது இதற்குள் கூடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் புஷ்பவல்லியைப் பார்க்கவில்லை. தன்னை நடுவில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒருத்தியைப் பற்றி இவ்வளவு நேரம் பேச முடிகிறதே என்று அவளுக்கு எரிந்தது. கூடவே ஆச்சரியமாகவும் இருந்தது. அம்மா இந்த மாதிரி தன் பக்கம் நின்று அவள் பார்த்ததில்லை. தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அம்மாவுக்கே இப்போதுதான் தெரிகிறது போலிருந்தது.

"மணி ஒன்பது தாண்டிருச்சு, தட்ட எடுங்க," என்றார் சின்னையா.

வேலாயுதம் எழுந்து தட்டைத் தூக்கினார். பவுனம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம். தம்பி, நீங்க சொல்லுங்க. அந்த முடிவு சரியா?"

ராதாகிருஷ்ணன் நெளிந்தான். "டிராமாதானே, ஆன்டி."

"டிராமாதான். சும்மா சொல்லுங்க."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். "அம்மா சொல்றது சரிதான். வீட்ட யாராச்சும் பாக்கணும்ல."

பவுனம்மாள் மெல்லத் திரும்பினாள். "நீ பேசு, புஷ்பா."

கத்தப் போகிறோம் என்றுதான் புஷ்பவல்லி நினைத்தாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நான் வேலைய விடமாட்டேன், ஆன்டி. கல்யாணத்துக்குப் பிறகும் போவேன். நைட் ஷிப்டும் போவேன். உங்களுக்கு ஒத்து வராதுன்னா தட்டு மாத்த வேணாம்."

"ஒரு டிராமாவுக்காகவா இவ்வளவு?" என்றாள் தனலெட்சுமி.

"அதுல அவகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. என்கிட்டயும் நீங்க யாரும் கேக்கல."

வேலாயுதம் தட்டைக் கீழே வைத்தார். "வேற ஒரு நாளு பாத்து..." என்று சின்னையா இழுத்தார்.

"வேணாம், அங்கிள்," என்றாள் புஷ்பவல்லி.

ஒன்பதரை வந்து, போனது.

சமையல் கட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பவுனம்மாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "வாங்க, இலை போட்டாச்சு. சாப்பிட்டுத்தான் போகணும், அக்கா."

சம்பந்தி அக்காவாகிவிட்டதைத் தனலெட்சுமி கவனிக்காமல் இல்லை. கைப்பையை இடுக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் நாளை யார் என்ன பேசுவார்கள் என்று கணக்குப் போட்டாளோ, பசியோ, போய் இலையில் உட்கார்ந்தாள். ரசம் வந்த பிறகு தானாகவே சொன்னாள், "ரெண்டாம் பாகம் நல்லா இருந்துச்சு."

"எஸ்டேட்டு கேஸு!" என்றாள் பவுனம்மாள். "அந்த முதலாளி மூஞ்சி போன போக்க பாத்தீங்களா?"

"புதுசா வந்த கதைக்காரன்தான் கெடுத்துட்டான்."

"அவன் கையில கரண்டியக் குடுத்து வீட்டுல உக்கார வைக்கணும், அக்கா."

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அப்பளத்தோடு மென்று விழுங்கினாள்.

புஷ்பவல்லி பாயச வாளியோடு ஆண்கள் வரிசைக்கு வந்தாள். ராதாகிருஷ்ணன் இலையைப் பார்த்தபடியே தணிந்த குரலில் கேட்டான். "நான் வேற மாதிரி சொல்லியிருந்தா?"

"சொல்லலயே."

அவன் இலையில் கிடந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"பாயசம் ஊத்தவா?"

"கொஞ்சம்," என்றான்.

அவள் நிறையவே ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.