படம் எடுக்கும்வரை போகாத மழை

எங்கள் ஊரில் எந்தப் பருவமும் பல்செட்காரர் படம் எடுக்காமல் ஊரைவிட்டுப் போனதில்லை. வெயிலோ மழையோ, அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி "அமைஞ்சிடுச்சு" என்று சொன்ன பிறகுதான் மூட்டை கட்டும். மற்ற ஊர்க்காரர்கள் கோட்டை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு இவர் இருக்கிறார்.

வாரம் முழுக்கப் பல் மருத்துவமனையின் மாடி அறையில் உட்கார்ந்து, மெழுகிலும் அச்சு மாவிலும் கைவைத்து, பிறர் வாய்க்குப் பல் கட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுத்தில் கேமரா. வெளியூர் என்ற பேச்சே கிடையாது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரயில்வே கேட் வரை போய், கால்வாய்க் கரையோடு திரும்பி வந்தால் அவருடைய உலகம் முடிந்தது. அதற்குள்ளேயே எல்லாம் இருந்தது: கோடையில் உருகிய தாரில் சிக்கிக்கொண்ட ஒற்றைச் செருப்பு, காற்றுக்காலத்தில் மொட்டை மாடிக் கொடியில் தலைகீழாக நிற்கும் சட்டைகள், தலை மட்டும் பனிக்குள் காணாமல் போன சைக்கிள்காரர்கள். முகங்களை எடுக்க மாட்டார். நாள் பூராவும் வாயைத்தானே பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமையுமா என்பார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது அவர் கால் முறிந்து படுத்த வருஷத்தில். காலண்டர் அதுபாட்டுக்குத் தாள் கிழிந்துகொண்டே போக, கோடை நகரவே இல்லை. கடைசியில் கட்டுப்போட்ட காலோடு மாடிப்படி ஏறி, காலி வாளிக்குள் எட்டிப் பார்த்த ஒரு காக்கையை எடுத்தார். மாலையே காற்று திசை மாறியது. அதிலிருந்து ஊர் பழகிக்கொண்டது. தலைமையாசிரியர் விளையாட்டு விழாவுக்குத் தேதி வைக்கும் முன் அவரிடம் ஆள் அனுப்பினார். குடைக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "அவசரமே இல்லண்ணே, நிதானமா எடுங்க" என்பார். செங்கல் சூளைக்காரரும் டீ வாங்கிக் கொடுத்து, "சட்டுன்னு எடுத்துடுங்கண்ணே" என்பார். இரண்டு டீயையும் குடித்துவிட்டு, படம் அமையும்போதுதான் எடுப்பார்.

ஊரே பெருமைப்பட்டது உண்மை. ஆனால் அவருடைய அக்கா பட்ட பெருமைக்கு முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு. கால்வாய்க்குக் கீழே பள்ளத் தெருவில், மேலே ஒரே ஒரு அறை வைத்த வீட்டில் தனியாக இருந்தார் அக்கா. தம்பி கழுத்தில் தொங்கிய கேமராவே அக்காவின் வீட்டுக்காரர் விட்டுப்போனதுதான். இளம் வயதிலேயே ஒரு காய்ச்சலில் பற்களை இழந்து, வாயைப் பொத்தியே சிரித்துப் பழகியவர். தம்பி தொழில் கற்றுக் கட்டிய முதல் பல்செட் அக்காவுக்குத்தான். அது வந்த பிறகும் சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

அந்த வருஷம் மழை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பல்செட்காரர் ஒவ்வொரு ஞாயிறும் நனைந்து திரிந்தார். கால்வாய்க் கரையில் ஒருநாள் "அமைஞ்சிடுச்சு" என்றார். ஊர் குடையை மடக்கியது. மழை நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் நிற்கவில்லை, அதற்கடுத்ததும். பள்ளிக்கூட பெஞ்சில் காளான் முளைத்தது, தபால்பெட்டிக்குள் தவளை குடியேறியது. பள்ளத் தெருவில் தண்ணீர் ஏறி எல்லோரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள், அக்காவைத் தவிர. அழைத்து வரப்போன படகுக்காரரிடம் மாடி ஜன்னலிலிருந்து சொன்னார்: "என் தம்பி எடுத்துட்டேன்னு சொன்னா எடுத்துட்டான். மழைதான் லேட்டு. நீங்க போங்க."

பருவம் போன பிறகுதான் கேமராவிலிருந்து ரோலை எடுத்து ஸ்டூடியோவில் கழுவக் கொடுப்பது பல்செட்காரரின் வழக்கம். ஆகவே அவர் மழை போகட்டும் என்று காத்திருந்தார், மழை படத்துக்காகக் காத்திருந்தது. ஸ்டூடியோக்காரர்தான் பொறுக்கமாட்டாமல் கேமராவை வாங்கி இருட்டறைக்குள் திறந்தார். மெழுகு ஒட்டிய விரலோடு அவசரத்தில் மாட்டியதில், ஃபிலிமின் நுனி உருளையிலிருந்து நழுவியிருந்தது. வெளியே எண் ஏறியிருக்கிறது, உள்ளே ஒன்றும் நகரவில்லை. மழைக்காலம் முழுவதையும் அவர் வெறும் பெட்டியால் எடுத்திருக்கிறார். "யானைக்கும் அடி சறுக்கும்ணே" என்று ஸ்டூடியோக்காரர் சொன்னது அவர் காதில் விழவில்லை. "அக்கா என்னை நம்பி அங்க உக்காந்திருக்கா" என்றார்.

புது ரோலை மாட்டினார்கள். லீவரை இழுக்கும்போது, ஃபிலிம் நகர்ந்தால் மட்டுமே சுற்றும் ஓரத்துக் குமிழும் கூடச் சுற்றுகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். சுற்றியது. பிறகு பல்செட்காரர் அதே படகுக்காரரோடு படகில் ஏறிப் பள்ளத் தெருவுக்குப் போனார். ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நின்றது.

"அக்கா, நான் எடுக்கவே இல்லக்கா. ஃபிலிம் சரியா மாட்டல. இறங்கி வா."

அக்கா ஜன்னலிலிருந்து குனிந்து கேமராவைப் பார்த்தார். "இப்ப மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கு."

"அப்ப எடு."

"முதல்ல இறங்குக்கா."

"எடுத்தாத்தான் இறங்குவேன். உன்னைப் பத்தி இந்தப் படகுக்காரர்கிட்ட எவ்வளவு சொல்லி வச்சிருக்கேன்."

வேறு வழியில்லாமல் கேமராவைத் தூக்கினார். கூரை விளிம்பிலிருந்து நீர் கோடு கோடாக இறங்கியது, அதற்குப் பின்னால் அக்காவின் முகம். சுற்றிலும் வேறு எதுவும் மிச்சமில்லை. படகு ஆடியதில் அவர் தடுமாற, அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வாய்க்குப் போனது, பாதி வழியில் நின்றது, ஜன்னல் கட்டையில் இறங்கி உட்கார்ந்தது. முழுப் பல்லும் தெரியச் சிரித்தார். அந்த வரிசையில் ஒவ்வொன்றும் தம்பி மெழுகில் நட்டது. இவ்வளவு அழகாகவா கட்டியிருக்கிறோம் என்று அவருக்கே பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அமைஞ்சிடுச்சுக்கா" என்றார். குழாயை மூடினாற்போல் மழை நின்றது. "நான் சொல்லல?" என்று படகுக்காரரிடம் கேட்டபடி அக்கா ஜன்னல் வழியாக இறங்கினார்.

அந்தப் படம் இப்போது பல் மருத்துவமனையில் நோயாளிகள் உட்காரும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதன் கீழே தரை எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருப்பதால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை துடைக்கிறார்கள். கன்னம் வீங்கி வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, இது யார் கட்டிய பல் என்று கேட்கிறார்கள். பருவங்களுக்கும் அந்தப் படம் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு செருப்பு, சட்டை, காக்கை எதை எடுத்தாலும் பருவங்கள் அசைவதில்லை, அக்காவும் உள்ளே இருந்தால்தான் புறப்படுகின்றன. இந்த வருஷம் பனிக்காலம் முடிய வேண்டிய நாள் கடந்துவிட்டது. அக்கா தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார், அது காய வேண்டுமாம். பனி வாசலில் நிற்கிறது.